நாற்காலி போட்டுப் பார்த்த நகரம்

376 நாற்காலிகள். ஒன்று 10 டாலர் 74 சென்ட். புரூக்ளினில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வாங்கியவை. கடற்கரைக்கோ வீட்டுக் கொல்லைக்கோ எடுத்துப் போகிற மடக்கு நாற்காலிகள்தான். 2009 மே மாதக் கடைசியில், நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், முந்தின நாள்வரை டாக்சிகள் ஓடிய தார்ச் சாலையின் நடுவில் இவற்றைக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

மே 24, ஞாயிற்றுக்கிழமை. பிராட்வே சாலையை 42-ஆம் தெருவிலிருந்து 47-ஆம் தெருவரை வண்டிகளுக்கு மூடியது மாநகரம். கட்டுமானம் என்று எதுவும் நடக்கவில்லை. ஆரஞ்சு நிறப் பீப்பாய்த் தடுப்புகளை உருட்டி வந்து குறுக்கே நிறுத்தினார்கள், அவ்வளவுதான். மூடிய சாலையில் போடுவதற்கான மேசை நாற்காலிகள் அன்றைக்கு வந்து சேராது என்பது கடைசி நேரத்தில்தான் உறைத்தது. உட்கார இடமில்லாத வெறும் தார்ச் சாலையில் யார் நிற்பார்கள்? அந்த வட்டாரத்துச் சொத்துக்காரர்களும் வணிகர்களும் சேர்ந்து நடத்தும் 'டைம்ஸ் ஸ்கொயர் அலையன்ஸ்' அமைப்பின் தலைவர் டிம் டாம்ப்கின்ஸ், கையில் கிடைத்த மடக்கு நாற்காலிகளை மொத்தமாக வாங்கிப் போட்டார்.

மக்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். அடுத்த சில நாட்கள் நகரத்துப் பேச்செல்லாம் அந்த நாற்காலிகளைப் பற்றித்தான். பார்க்க மலிவாக இருக்கிறது, இவ்வளவு பெரிய ஊருக்கு இதுவா அழகு என்று ஒரு தரப்பு. இருக்கட்டுமே, உட்கார வசதியாக இருக்கிறதே என்று மறு தரப்பு. அன்றைய போக்குவரத்துத் துறை ஆணையர் ஜேனட் சாதிக்-கான் பின்னாளில் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார்: எல்லோரும் நாற்காலியைப் பற்றிச் சண்டை போட்டார்கள், சாலையை மூடியதைப் பற்றிச் சண்டை போட மறந்துவிட்டார்கள்.

இந்தச் சதுக்கத்தை ஐந்தரைக் கோடி டாலர் செலவில் நிரந்தரமாக மாற்றிக் கட்டியது நார்வேயில் பிறந்த ஸ்னோஹெட்டா என்ற உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலை நிறுவனம். ஆனால் அந்தக் கதையை ஆர்க்கிடெக்டிலிருந்து தொடங்கினால் தப்பாகிவிடும். நாற்காலியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாற்காலி முதலில் வந்தது, ஆர்க்கிடெக்ட் பிறகு வந்தார். பொது இடங்களைப் புதுப்பிக்கக் கிளம்பும் எந்த நகரமும் இந்த வரிசையை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உடுக்கை வடிவில் ஒரு சந்திப்பு

சதுக்கம் என்று பெயரே தவிர, டைம்ஸ் சதுக்கம் சதுரமாக இல்லை. மன்ஹாட்டன் தீவை 1811-இல் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். தெற்கு வடக்காக அவென்யூக்கள், கிழக்கு மேற்காகத் தெருக்கள். அந்தக் கட்டங்களுக்கு அடங்காத ஒரே பெரிய சாலை பிராட்வே. ஐரோப்பியர் வருமுன்பே அந்தத் தீவின் பூர்வகுடிகள் நடந்து போட்ட தடத்தில் வளர்ந்த சாலை அது. கோடு போட்டவர்களால் அதை அழிக்க முடியவில்லை. குறுக்காகச் சாய்ந்து ஓடிப் பல அவென்யூக்களை வெட்டுகிறது. வெட்டும் இடத்தில் இரண்டு முக்கோணங்கள் முனையோடு முனை தொட்டு நிற்கின்றன. நம் கண்ணுக்கு அது உடுக்கை. ஏழாவது அவென்யூவை பிராட்வே வெட்டும் உடுக்கைதான் டைம்ஸ் சதுக்கம்.

அதன் பழைய பெயர் லாங்கேக்கர் சதுக்கம். குதிரை வண்டி செய்பவர்களும் லாயக்காரர்களும் தொழில் நடத்திய இடம். 1904-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் அலுவலகத்தை இங்கே மாற்றியபோது பெயரும் மாறியது. அந்த ஆண்டு முடிவில் புத்தாண்டுக் கொண்டாட்டம் தொடங்கியது. உச்சியிலிருந்து ஒளிப்பந்து இறங்கும் வழக்கம் 1907-இல் வந்தது. நாடக அரங்குகள், விளம்பர விளக்குகள், பிறகு 1970-களில் ஆபாசப் படக் கொட்டகைகளும் போதைப் பொருளும், 1990-களில் துப்புரவும் டிஸ்னியும் என்று அந்த இடத்தின் வரலாறு ஏறி இறங்கியது. அது பலரும் எழுதிய கதை, இங்கே வேண்டாம்.

நமக்கு வேண்டியது இடத்தின் கணக்கு. அந்த உடுக்கையில் வந்துபோகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கால்நடையாக வருபவர்கள், நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் மேல். ஆனால் தரையில் மிகப் பெரும்பகுதி வண்டிகளுக்குப் போய்விட்டது. நடைபாதையில் இடம் கிடைக்காதவர்கள் சாலையில் இறங்கி நடந்தார்கள், வண்டியில் அடிபட்டார்கள். சரவணா ஸ்டோர்ஸ் வாசலில் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேயர் மைக்கேல் புளூம்பெர்க் 2007-இல் சாதிக்-கானை ஆணையராக நியமித்தார். அவர் கோபன்ஹேகனிலிருந்து யான் கெல்லின் குழுவை வரவழைத்தார். கெல் ஆர்க்கிடெக்ட்தான். ஆனால் அவருடைய பெயர் கட்டடங்களைவிட எண்ணிக்கைகளால் நிலைத்தது. ஒரு தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்கிறார்கள், எத்தனை பேர் முதியவர்கள், எத்தனை பேர் குழந்தைகள் என்று ஆள் வைத்து எண்ணுவது அவர் வழி. வண்டிகளை எண்ணாத போக்குவரத்துத் துறை உலகில் கிடையாது. மனிதர்களை எண்ணும் பழக்கம் இருந்த துறைகள் அப்போது மிகக் குறைவு.

சாலையை மூடினால் நெரிசல் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உடுக்கையின் கணக்கு வேறு. இரண்டு சாலைகள் சந்திக்கும் இடத்தில் பச்சை விளக்கை இரண்டாகப் பங்கிட்டால் போதும். குறுக்காக மூன்றாவது சாலையும் வந்து சேர்ந்தால் மூன்றாகப் பங்கிட வேண்டும். எல்லோரும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். மூன்றாவதை எடுத்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். போக்குவரத்துப் பொறியாளர்களின் வாதம் இதுதான். வாதம் சரியா என்று பார்க்கத்தான் பீப்பாய்த் தடுப்புகள்.

டாக்சிகளில் பொருத்தியிருந்த ஜி.பி.எஸ். கருவிகளின் பதிவுகளை எடுத்து அளந்தார்கள். அந்தப் பகுதியில் வடக்கு நோக்கிய டாக்சிப் பயணம் 17 சதவீதம் வேகமானது. தெற்கு நோக்கியது சற்றே மெதுவானது. எதிர்பார்த்த அளவு வேகம் வரவில்லை என்பதை 2010 பிப்ரவரியில் புளூம்பெர்க்கே ஒப்புக்கொண்டார். ஆனால் நடப்பவர்கள் காயம்படுவது 35 சதவீதமும், வண்டியில் இருப்பவர்கள் காயம்படுவது 63 சதவீதமும் குறைந்திருந்தன. அந்த எண்களை வைத்துத்தான், மூடிய சாலை இனி திறக்காது என்று அறிவித்தார். பின்னர் சுகாதாரத் துறை அளந்தபோது, காற்றில் நைட்ரிக் ஆக்சைடு 63 சதவீதமும் நைட்ரஜன் டை ஆக்சைடு 41 சதவீதமும் குறைந்திருந்தது தெரிந்தது.

அந்த அறிவிப்புக்கும் ஆர்க்கிடெக்டின் கல்லுக்கும் இடையில் நீண்ட இடைவெளி இருந்தது. அதையும் சும்மா விடவில்லை. போட்டி வைத்து மாலி டில்வொர்த் என்ற புரூக்ளின் ஓவியரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தார்ச் சாலை முழுக்க நீலமும் வெள்ளையுமாக அவர் ஓவியம் விரிந்தது. நகரம் எங்கெங்கே சூடாகக் கொதிக்கிறது என்று காட்டும் நாசாவின் செயற்கைக்கோள் படங்களிலிருந்து அந்த வடிவத்தை எடுத்திருந்தார். சாலை திரும்பி வராது என்பதை ஊர் கண்ணால் பார்த்துப் பழக அந்தப் பெயின்ட் உதவியது.

ஆர்க்கிடெக்டை எப்படித் தேர்ந்தார்கள்

ஒரு மாநகரம் ஆர்க்கிடெக்டை அமர்த்த மூன்று வழிகள் உண்டு. முதல் வழி டெண்டர்: யார் குறைந்த கட்டணம் கேட்கிறாரோ அவருக்கு வேலை. நம் பொதுப்பணி வட்டாரத்தில் 'எல்-1' என்ற ஒரே சொல்லில் இது முடிந்துவிடும். சிமென்ட் வாங்க இது நல்ல வழி. யோசனை வாங்க இது நல்ல வழியாக எனக்குத் தோன்றவில்லை. வடிவமைப்புக் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பகுதி. அதில் மிச்சம் பிடிப்பவர்கள், தப்பாக வடிவமைத்த இடத்தைத் தலைமுறைக்கும் சுமக்கிறார்கள்.

இரண்டாவது வழி திறந்த போட்டி. டைம்ஸ் சதுக்கத்தின் வடக்கு முனையிலேயே அதற்கு அருமையான எடுத்துக்காட்டு நிற்கிறது. நாடகங்களுக்குச் சலுகை விலை டிக்கெட் விற்கும் 'டிகேடிஎஸ்' சாவடி அங்கே உண்டு. புதிய சாவடி வேண்டும் என்று 1999-இல் போட்டி வைத்தார்கள். நூற்றுக்கணக்கில் வந்த வரைபடங்களில் வென்றவர்கள் ஆஸ்திரேலியாவின் ஜான் சோய், டாய் ரோபிஹா. கேட்டது டிக்கெட் சாவடி. அவர்கள் சாவடியின் கூரையைப் படிக்கட்டாக்கிவிட்டார்கள்: 27 சிவப்புக் கண்ணாடிப் படிகள். அந்த இடத்தில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கத்தான் இடமில்லை என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். வரைபடம் வென்று ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2008 அக்டோபரில் படிகள் திறந்தன. முதல் நாளிலிருந்து அங்கே இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. நம் கோயில் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்த ஈர்ப்பு புரியும்.

மூன்றாவது வழி, தகுதி பார்த்து முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்துக்கொள்வது. நியூயார்க் நகரின் வடிவமைப்பு மற்றும் கட்டுமானத் துறை 2004-இல் இதைத் தொடங்கியது. துறையின் ஆணையர் டேவிட் பர்னி தாமே ஆர்க்கிடெக்ட். தீயணைப்பு நிலையம், கிளை நூலகம், காவல் நிலையம் என்று சின்னச் சின்ன வேலைகள்கூட நல்ல கைகளுக்குப் போக வேண்டும் என்பது நோக்கம். விலையைவிட வேலைத் தரத்தைப் பார்த்துச் சில நிறுவனங்களைத் தேர்ந்து, வேலை வரும்போது அவர்களுக்குள் தெரிவு செய்வார்கள். டைம்ஸ் சதுக்கத்துக்கு 2010-இல் ஸ்னோஹெட்டா அந்தப் பட்டியலிலிருந்துதான் வந்தது.

ஸ்னோஹெட்டா என்பது நார்வேயில் ஒரு மலையின் பெயர். 1989-இல் எகிப்தின் அலெக்ஸாண்டிரியா நூலகத்துக்கான உலகப் போட்டியில், அதிகம் அறியப்படாத இளைஞர்களாக வென்றவர்கள் இவர்கள். 2008-இல் திறந்த ஆஸ்லோ ஓபரா அரங்கின் கூரை கடல் நீரிலிருந்து சரிவாக மேலே ஏறும். யார் வேண்டுமானாலும் அதன்மேல் நடந்து உச்சிவரை போகலாம். கட்டணம் கொடுத்து ஓபரா பார்க்க வசதியில்லாதவருக்கும் கட்டடத்தின் மிகச் சிறந்த இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். நிலத்தை வடிவமைப்பவர்களும் கட்டடத்தை வடிவமைப்பவர்களும் ஒரே மேசையில் வேலை செய்யும் நிறுவனம். டைம்ஸ் சதுக்கத்தில் எழுப்புவதற்குக் கட்டடம் எதுவும் இல்லை, இருந்தது தரை மட்டும்தான். அந்த வேலைக்கு இப்படிப்பட்டவர்கள்தான் வேண்டும்.

ஆனால் இந்த நிறுவனத்தின் கைக்கு வந்த வேலை, வேறு ஊர்களில் ஆர்க்கிடெக்ட்களுக்குக் கிடைக்கும் வேலையைப் போன்றதல்ல. வழக்கமாக ஆர்க்கிடெக்டிடம் ஒரு ஊகத்தைத்தான் கொடுப்பார்கள்: இங்கே மக்கள் வருவார்கள், உட்கார்வார்கள், இந்தப் பக்கமாக நடப்பார்கள். ஸ்னோஹெட்டாவிடம் கொடுத்தது ஓராண்டுக்கும் மேலான நடைமுறை. எந்த மூலையில் கூட்டம் தேங்குகிறது, அலுவலகம் போகிறவர் எங்கே முட்டிக்கொள்கிறார், எந்த நேரத்தில் நாற்காலி காலியாகிறது என்பதெல்லாம் தெரிந்தபிறகுதான் அவர்கள் பென்சிலை எடுத்தார்கள். சதுக்கத்தின் முதல் வரைபடத்தை நடந்தவர்களின் கால்களே போட்டு முடித்திருந்தன.

தரையைப் பார்த்த வடிவமைப்பு

டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பர விளக்கு என்பது விருப்பம் மட்டுமல்ல, சட்டமும்கூட. 1987-இல் வந்த நகர விதிப்படி, அங்கே எழும் கட்டடங்கள் ஒளிரும் விளம்பரப் பலகைகளைத் தாங்கியே ஆக வேண்டும். எவ்வளவு வெளிச்சம் என்பதற்கு அந்தச் சதுக்கத்தின் பெயரிலேயே தனி அளவுகோல் வைத்திருந்தார்கள். அப்படி ஓர் இடத்தில் ஆர்க்கிடெக்ட் தன் பங்குக்கு ஒரு வளைவையோ கோபுரத்தையோ நீரூற்றையோ வைத்தால் அது காணாமல் போகும், அல்லது இரைச்சலோடு இரைச்சலாகச் சேரும். ஸ்னோஹெட்டாவின் கூட்டாளி கிரெய்க் டைக்கர்ஸும் அவர் குழுவும் மேலே பார்ப்பதை விட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

முதலில் மேடுபள்ளத்தை எடுத்தார்கள். சாலைக்கும் நடைபாதைக்கும் இடையே இருந்த ஓரக்கல், பழைய பிராட்வே ஓடிய தடம், இரண்டும் மறைந்து ஒரே மட்டமான தளமானது. மட்ட வித்தியாசம் இருக்கும்வரை நடப்பவர் உடம்பு 'இது வண்டி இடம், ஒதுங்கு' என்று நினைத்துக்கொண்டே இருக்கும். பிறகு அங்கங்கே முளைத்திருந்த பெட்டிகளையும் கம்பங்களையும் பலகைகளையும் பொறுக்கி எடுத்து ஓரமாகச் சேர்த்தார்கள். தளத்துக்குத் தனியாக வார்த்த அடர்சாம்பல் நிறக் கான்கிரீட் கற்கள். அவற்றில் அங்கங்கே நம் ஒரு ரூபாய்க் காசு அளவில் எஃகு வில்லைகளைப் பதித்தார்கள். மேலே விளம்பரங்கள் நிறம் மாற மாற, கீழே அந்த வில்லைகளில் அதே நிறம் சிதறி மின்னும். மழை பெய்தால் தரையே இன்னொரு திரை. விளக்குகளோடு போட்டி போடாமல் அவற்றின் வெளிச்சத்தைக் கடன் வாங்கிக்கொண்ட இந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அடுத்தது திண்ணை. வேறு சொல் அதற்குப் பொருந்தாது. பத்துக் கருங்கல் இருக்கைகள். நீளமானவை 50 அடி வரை. ஒரு பக்கம் உட்காரலாம், ஒரு பக்கம் சாயலாம், மேலே ஏறி நின்று கூட்டத்தைப் பார்க்கலாம். இந்தத் திண்ணைகள் கூட்டத்தைப் பிரிக்கும் வேலையையும் செய்கின்றன. நடுவே தங்குகிறவர்கள், ஓரமாக விரைகிறவர்கள். ஆற்றில் கிடக்கும் பாறையை நீர் இரண்டாகப் பிரிந்து கடப்பதுபோல அவசரக்காரர்கள் விலகிப் போகிறார்கள். போலீஸ்காரர் விசில் ஊதிச் செய்ய வேண்டிய வேலையைக் கல் செய்கிறது.

திண்ணைக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. ஆண்டு முழுக்க அங்கே ஒளிபரப்புகளும் விழாக்களும் நடக்கும். முன்பு ஒவ்வொரு தடவையும் ஜெனரேட்டர் வண்டிகள் வந்து புகை கக்கி நிற்கும், கேபிள்கள் தரையெல்லாம் பாம்பாக நெளியும். இப்போது மின்சார இணைப்பும் ஒளிபரப்புக் கம்பிகளும் திண்ணைக்குள்ளும் தரைக்கடியிலும் ஓடுகின்றன.

பணத்தின் பெரும்பகுதி போனது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். அந்தச் சாலையைப் பல பத்தாண்டுகளாக யாரும் முழுசாகத் தோண்டவில்லை. தோண்டியபோது பழைய டிராம் தண்டவாளங்கள் வெளிப்பட்டன. நீர்க்குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி என்று நூறு வருடத்து முடிச்சுகள். அதற்குக் கொஞ்சம் கீழே சுரங்க ரயிலின் கூரை. ஊருக்குப் புதுத் தளம் பதித்துவிட்டு அடுத்த ஆண்டே குழாய்க்காக உடைப்பதை நாம் எவ்வளவு பார்த்திருக்கிறோம்! இங்கே குழாயை முதலில் மாற்றிவிட்டுத்தான் கல்லைப் பதித்தார்கள். 2012-இல் தொடங்கிய வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு நாள்கூடச் சதுக்கம் முழுசாக மூடவில்லை. 2013 டிசம்பரில் தெற்குப் பகுதி முடிந்தது. 2016 கடைசியில் எல்லாம் முடிந்து, 2017 ஏப்ரலில் முறைப்படி திறந்தார்கள்.

ஒரே கை, இரண்டு பூங்கா

எதிர்த்திசையில் போன ஒரு கதையும் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நடுவில் பெர்ஷிங் சதுக்கம் இருக்கிறது. 1866-இலிருந்தே பொதுமக்களுக்கான இடம். 1950-களின் தொடக்கத்தில் அதற்கடியில் கார் நிறுத்தும் இடம் கட்டினார்கள். கார்கள் இறங்கி ஏற நான்கு பக்கமும் சரிவுப் பாதைகள் வந்தன. அன்றிலிருந்து அந்தப் பூங்கா அகழி சூழ்ந்த கோட்டை மாதிரி ஆகிவிட்டது; தெருவில் போகிறவர் உள்ளே நுழையச் சுற்ற வேண்டும், உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

1994-இல் ஒரு கோடியே 45 லட்சம் டாலர் செலவில் அதைப் புதுப்பித்தார்கள். வடிவமைத்தவர்கள் மெக்ஸிகோவின் பெரிய ஆர்க்கிடெக்ட் ரிகார்டோ லெகொரெட்டாவும் நிலவடிவமைப்பாளர் லாரி ஓலினும். ஊதா நிறத்தில் பத்து மாடி உயரக் கோபுரம், மஞ்சள் சுவர்கள், நீர்நிலை. புகைப்படத்தில் அழகுதான். மக்கள் ஒட்டவில்லை. சரிவுப் பாதைகள் அப்படியே இருந்தன, சுவர்கள் கூடின. 2016-இல் மறுபடி உலகப் போட்டி. பிரான்ஸின் ஏஜென்ஸ் தெர் வென்றது. அவர்களுடைய முக்கிய யோசனையே சுவரை எடுத்துத் தரையைத் தெருவின் மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான். அந்த வேலை பணம் கிடைக்கக் கிடைக்கப் பகுதி பகுதியாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

லாரி ஓலின் திறமையில்லாதவரா? டைம்ஸ் சதுக்கத்திலிருந்து எட்டி நடந்தால் வரும் பிரையன்ட் பூங்காவை மீட்டெடுத்தவரும் அவர்தான். பெர்ஷிங்குக்கு இரண்டே ஆண்டு முன்னால், 1992-இல் அது திறந்தது. அதுவும் வேலியும் புதருமாக மூடிக் கிடந்து போதைக்காரர்கள் கைக்குப் போன பூங்கா. ஆனால் அங்கே ஓலின் வருவதற்கு முன்பே வில்லியம் ஒயிட் என்ற சமூக ஆய்வாளர் உட்கார்ந்து பார்த்து, நோய் இன்னது என்று எழுதிக் கொடுத்திருந்தார்: வாசல்களை அகலமாக்கு, புதரை எடு, வெளியிலிருந்து உள்ளே பார்வை போகட்டும், நகர்த்தும் நாற்காலி போடு. ஓலின் அதைச் செய்தார், பூங்கா பிழைத்தது. ஒரே வடிவமைப்பாளர், ஏறக்குறைய ஒரே காலம். ஒரு நகரம் நோயைச் சொல்லி மருந்து கேட்டது. இன்னொரு நகரம் நோயை அடியிலேயே விட்டுவிட்டு ஆடை கேட்டது. ஆர்க்கிடெக்டின் பெயரைப் பார்த்து நம்பிக்கை வைக்கும் நகரத் தந்தைகள் இந்த இரண்டு பூங்காக்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

சென்னையும் இந்த வழியில் ஓரடி எடுத்து வைத்திருக்கிறது. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தபோது, அதற்கு முன்பே தற்காலிகத் தடுப்புகள் வைத்துச் சோதனை நடந்திருந்தது. முதலில் போட்டுப் பார்ப்பது நமக்கும் கைவராத காரியமல்ல. ஆண்டில் சில நாள் தேருக்காக வீதியைக் காலி செய்து, மறுநாள் பழையபடி விடும் பழக்கம் நம்மிடம் எத்தனை நூற்றாண்டாக இருக்கிறது!

கல் பதித்த பிறகு

டைம்ஸ் சதுக்கத்தில் எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று எழுதினால் அது பொய். வேலை பாதி நடந்துகொண்டிருந்த 2015 கோடையில், உடம்பில் வண்ணம் பூசி மேலாடையின்றிப் படமெடுத்துக்கொள்ளக் காசு கேட்கும் பெண்களும், பொம்மை வேடமிட்டுச் சுற்றுலாப் பயணிகளைச் சூழ்ந்துகொள்பவர்களும் பெருகிவிட்டார்கள் என்று பெரிய சர்ச்சை. அப்போது மேயர் பில் டி பிளாசியோ. சதுக்கத்தையே எடுத்துவிட்டு மீண்டும் சாலையாக்குவதையும் பரிசீலிப்போம் என்றார். காவல் துறைத் தலைவர் வில்லியம் பிராட்டனும் தோண்டி எடுப்பதை ஆதரித்தார். யாரோ சிலர் தொந்தரவு கொடுக்கிறார்கள் என்பதற்காக லட்சக்கணக்கானோர் நடக்கும் இடத்தை வண்டிக்குத் திருப்பிக் கொடுப்பதா என்று நகரம் கொதித்தது. கொதித்ததே வெற்றி என்பேன். ஆறு ஆண்டுக்கு முன் நாற்காலியைக் குறை சொன்ன ஊர், இப்போது இடத்தை விட்டுத்தர மறுத்தது.

தீர்வு பெயின்ட்டில் வந்தது. 2016-இல் புதிய விதி செய்து, காசு கேட்பவர்களுக்கும் வேடமிடுபவர்களுக்கும் தனிக் கட்டங்களைத் தரையில் நீலப்பச்சையில் வரைந்தார்கள். நடப்பதற்குத் தனிப் பாதை. ஆர்க்கிடெக்டால் தீர்க்க முடியாத விஷயத்தை நகர மன்றமும் சட்டமும் பார்த்துக்கொண்டன. பொது இடத்துக்குக் கட்டுமானம் முடியும் நாள் உண்டு, பராமரிப்பு முடியும் நாள் கிடையாது. கூட்டுவது, குப்பை அள்ளுவது, நாற்காலி எடுத்துப் போடுவது எல்லாம் டைம்ஸ் ஸ்கொயர் அலையன்ஸின் தலையில். அந்த வட்டாரத்துச் சொத்துக்காரர்கள் கட்டும் சிறப்பு வரியில் அது நடக்கிறது. இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பணம் கொடுப்பவர் கை ஓங்கினால் பொது இடத்தில் யார் உட்காரலாம் என்பதையும் அவரே முடிவு செய்வார். அந்தக் கட்டங்களை வரைந்ததில் ஏழைக் கலைஞர்களை ஒதுக்கும் சாயல் இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வாடகையும் ஏறியது, 2011-இல் உலகின் முதல் பத்துக் கடைவீதிகளில் ஒன்றாக டைம்ஸ் சதுக்கம் இடம் பிடித்தது. அந்த வாடகையைத் தாங்க முடியாத சிறு கடைகளின் கணக்கும் இதில் சேர வேண்டும்.

பணக்கார வட்டாரத்தோடு இது நின்றிருந்தால் இத்தனை பக்கம் எழுத வேண்டியிருந்திருக்காது. 2008-இல் நகரம் தொடங்கிய சதுக்கத் திட்டத்தில் எல்லாப் பகுதிகளிலுமாகப் பல பத்துச் சதுக்கங்கள் வந்தன. குவீன்ஸ் பகுதியில் கொரோனா பிளாசா, உயர்த்திய ரயில் பாதைக்கு அடியில், லாரிகள் நின்ற இடத்தில் 2012-இல் உருவானது. அங்கே லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் மாலையில் வந்து உட்கார்கின்றன, தெருவோர வியாபாரிகள் சோளமும் தின்பண்டமும் விற்கிறார்கள். அந்த வியாபாரிகளை 2023-இல் அப்புறப்படுத்தியபோது எழுந்த போராட்டம், சதுக்கம் யாருடையது என்ற அதே கேள்வியை அங்கேயும் கேட்டது.

2017 மே 18. டைம்ஸ் சதுக்கத்தில் திறப்பு விழா நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒருவர் ஏழாவது அவென்யூ நடைபாதையில் காரை ஏற்றி, தெருத் தெருவாகக் கூட்டத்துக்குள் ஓட்டினார். சுற்றுலா வந்திருந்த 18 வயதுப் பெண் உயிரிழந்தார். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 45-ஆம் தெரு அருகே நட்டிருந்த எஃகுத் தூண்களில் மோதித்தான் கார் நின்றது. முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கி, புகையும் தீயுமாக அது நின்ற படம் உலகமெங்கும் வெளியானது. அந்தத் தூண்கள் அங்கே இருப்பதே அதுவரை பலருக்குத் தெரியாது. அவை இன்னும் முன்னாலேயே, இன்னும் அதிக இடங்களில் இருந்திருக்கக் கூடாதா என்று அன்று எத்தனையோ பேர் கேட்டார்கள். பிறகு நகரம் முழுக்க ஏராளமான தூண்களை நட முடிவானது.

மறுநாளும் மக்கள் வந்தார்கள். சிவப்புப் படிகளில் ஏறி உட்கார்ந்தார்கள்.

வில்லியம் ஒயிட் 1970-களில் நியூயார்க் சதுக்கங்களில் கேமராவை வைத்து மணிக்கணக்கில் படமெடுத்தவர். 1980-இல் அதைப் புத்தகமாகவும் படமாகவும் வெளியிட்டார். அவர் கவனித்த ஒரு சின்ன விஷயம் உண்டு. நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், உட்காரப் போகிறவர் முதலில் அதை லேசாக நகர்த்துவார். அரை அடியோ, இரண்டு அங்குலமோ. வெயிலுக்காகவும் இல்லை, நிழலுக்காகவும் இல்லை. சில சமயம் நகர்த்திவிட்டுப் பழைய இடத்திலேயே போட்டுக்கொள்வார். பிறகுதான் உட்கார்வார்.

ஐந்தரைக் கோடி டாலர் கல்லும் எஃகும் பதித்த டைம்ஸ் சதுக்கத்தில், தரையோடு அசையாமல் ஊன்றிய 50 அடித் திண்ணைகளுக்கு நடுவே, இன்றும் நகர்த்துகிற நாற்காலிகளைப் போட்டிருக்கிறார்கள்.